அம்மா கொடுத்த ரைட்

இன்று டவுன் பஸ் கண்டக்டர் விசிலை எங்கோ தொலைத்துவிட்டுப் படியில் நின்று, "ரைட்!" என்று கத்தினார். அந்தச் சத்தம் என்னை அறுபது வருஷத்துக்கு முந்தைய குடுமியான்மலைக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்குப் பல வேலை. கணக்கு சரியாக இருந்தால் டீச்சர் சிலேட்டில் போடுவது ரைட். பஸ் கிளம்புவதற்கும் ரைட். அப்பா பேச்சை முடிப்பதும் ரைட்தான். அதற்குமேல் வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டோம்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் நான் எட்டாவது பாஸான அன்று அப்பா, "பொம்பளப்புள்ளைக்கு இது போதும். ரைட்," என்றார். ஆனால் ஹைஸ்கூல் திறந்த அன்று அம்மா, என் சர்டிபிகேட்டை மடியில் செருகிக்கொண்டு என்னைப் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏற்றி, தானும் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கண்டக்டர் கீழே நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் அப்பா சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்து, "ரெண்டு பேரும் எறங்குங்கடி," என்றார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்!" என்றாள். டிரைவர் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டார்.

ஓடிவந்து தொற்றி ஏறிய கண்டக்டர், "யாரு ரைட் குடுத்தது?" என்று சத்தம் போட்டார்.

"நாந்தாங்க. எப்பவும் இவ அப்பாவே குடுத்துக்கிட்டு இருந்தா, நாங்க எப்பப் போயிச் சேர்றது?"

"என்ன பாட்டி, சிரிக்கிறீங்க?" என்றார் இன்றைய கண்டக்டர்.

"ஒன் சத்தம் பத்தாதுப்பா. எங்கம்மா குடுத்த ரைட்டுல நான் ஹெட்மிஸ்ட்ரஸ் வரைக்கும் போனேன்."