நேசனுக்கு யார் கொள்ளி வைப்பது?

எங்கள் வெள்ளிக்கிழமைப் பைபிள் வகுப்புக்கு வருகிறவர்கள் வழக்கமாகச் சுகமான கேள்விகளோடுதான் வருவார்கள்.

ஹலோவீனுக்குப் பிள்ளைக்குப் பிசாசு உடுப்புப் போடலாமா? ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் விழுந்தால் வேலைக்குப் போகலாமா? மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் சாதகம் கேட்கிறார்கள் — கொடுக்கலாமா? லொட்டோ ரிக்கெற் வாங்குவது பாவமா... வாங்கியும் விழாமல் போனால்?

கடைசிக் கேள்வி என் கணவருடையது.

ஊரை விட்டு வந்து குடியேறிய வெக்ஸ்போர்ட்டில், எங்கள் வீட்டு முன்னறையில் பற்றீஸ் பலகாரமும் தேத்தண்ணியுமாக இருந்து இப்படியான கேள்விகளைப் பிரித்து மேய்வதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. ஆளுக்கொரு வசனம் கைவசம் இருக்கும். வசனம் அகப்படாவிட்டால் ஞானம் அங்கிள் இருக்கிறார். ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கேள்விக்கும் 'கூடாது' என்ற பதிலைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பவர்.

போன வாரம் வெள்ளிக்கிழமை வந்த கேள்விக்குப் பிறகு பற்றீசை யாரும் தொடவில்லை.

கேட்டவன் டானியல். (பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்குச் சம்மதமும் வாங்கியிருக்கிறேன். உங்களில் சிலர் உடனே ரெலிபோனைத் தூக்குவீர்கள் என்று எனக்குத் தெரியாதா?) முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் அவனுடையதுதான். பேசும்போது அந்தக் குரல் எங்கே போய் ஒளிக்குமோ தெரியாது, அவ்வளவு மெதுவாகப் பேசுவான்.

டோர்செட் பார்க்கில் ஓர் அப்பார்ட்மென்ட்டில் நேசன் என்ற சைவப் பொடியனோடு பல வருடங்களாகச் சேர்ந்து இருந்தான். இரண்டு பேரும் அகதியாக வந்து, இங்கிலீஷ் வகுப்பில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து சிநேகிதமானவர்கள். ஒரு சுவரில் முருகன் கலண்டர், எதிர்ச் சுவரில் சிலுவை. வெள்ளிக்கிழமைகளில் நேசன் மரக்கறி. அன்றைக்கு டானியலுக்கு இறைச்சி தின்ன ஆசை வந்தால், பால்கனிக் கதவைத் திறந்து வைத்துப் பனிக்குளிரில் நடுங்கி நடுங்கிச் சமைக்க வேண்டும். இதுதான் அவர்களுக்கிடையில் இருந்த சமய உடன்படிக்கை!

கிறிஸ்மஸ் ஆராதனைக்கு நேசனும் வருவான். கடைசி வரிசை வாங்கில் இருப்பான். கேக் வெட்டும்போது மட்டும் முன்னுக்கு வந்துவிடுவான். நானே வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

காலையில் குளித்துவிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, "முருகா" என்று நேசன் உரத்துக் கூப்பிடுவது இரண்டு கதவு தாண்டிக் கேட்கும். டானியல் கடிகாரத்துக்கு அலாரம் வைப்பதேயில்லை. அந்த 'முருகா'தான் அவனுடைய அலாரம்.

அந்த வாரம் புதன்கிழமை காலையில் நேசன் 'முருகா' சொல்லவில்லை.

இதயம் நின்றுவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். நாற்பது வயதுகூட ஆகவில்லை. கலியாணம் கட்டவில்லை. கூடப்பிறந்தவர்கள் இல்லை. தகப்பன் எப்போதோ போய்விட்டார். தாய் மட்டும், மகன் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடுவான் என்று, கடலுக்கு அப்பால் வெள்ளவத்தையில் ஓர் அறையில் காத்துக்கொண்டிருந்தார். அந்தத் தாய்க்குச் செய்தி சொன்னதும் டானியல்தான். அந்த ரெலிபோனை அவன் எப்படி எடுத்தான் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

அடுத்த நாள் தாய் திரும்பி ரெலிபோன் எடுத்திருக்கிறார்.

"அவனுக்கு அங்கை வேறை ஆர் இருக்கினம், தம்பி? நீதான் என்ரை பிள்ளைக்குக் கொள்ளி வைக்க வேணும்."

இதைத்தான் டானியல் எங்கள் முன்னறையில், தலையைக் குனிந்தபடி சொன்னான். ஞாயிற்றுக்கிழமை கிரியை. அதற்கு முன் அவன் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

"அக்கா, நான் செய்யலாமோ?"

எல்லாரும் சேர்ந்து வாய் திறந்தார்கள். ஐயரே செய்யட்டும், நீ பக்கத்தில் நின்று மனதுக்குள் ஜெபம் பண்ணு என்றார் ஒருவர். வேறு சைவப் பொடியன் யாரையாவது பிடிக்கலாமே என்றார் இன்னொருவர். யாரையாவது! பிளம்பர் வராவிட்டால் இன்னொரு பிளம்பரைப் பிடிப்பது மாதிரி.

ஞானம் அங்கிள் வழக்கம்போலக் கடைசியாகத்தான் பேசினார்.

"கூடாது, தம்பி. வேறை தெய்வத்துக்கு முன்னாலை கிரியை செய்தால் செய்ததுதான். மனசுக்குள்ளை நான் கிறிஸ்தவன், வேதக்காரன் எண்டு சொல்லிக்கொண்டு செய்தால் ஆருக்குத் தெரியும்?"

"ஓம், அங்கிள்" என்றான் டானியல்.

எதிர்த்து ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த 'ஓம்'தான் தாங்க முடியவில்லை. எழும்பிப் போகப் போனவன், கதவடியில் சப்பாத்து ராக்கைக்குப் பக்கத்தில் நின்று, ஏதோ மறந்துபோனதைச் சொல்வதுபோலச் சொன்னான்.

"அம்மா இன்னொண்டும் சொன்னவ. 'உங்கடை சமயத்திலை பிழையெண்டால் வேண்டாம், அப்பன். உன்னைப் பாவத்திலை விழுத்தி என்ரை பிள்ளைக்கு மோட்சம் வேண்டாம்' எண்டவ."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஞானம் அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வாரா வாரம் பத்தி எழுதுகிறவளுக்கு, உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் ஆசிரியர் இடத்தை எடுத்து நகைக்கடை விளம்பரத்துக்குக் கொடுத்துவிடுவார். ஆனால் அன்றைக்கு என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை. அழுகை மட்டும்தான் வந்தது. அழுதேன்.

சனிக்கிழமை காலை ரெலிபோன் அடித்தது.

"பிள்ளை, நாகமானை எடு." ஞானம் அங்கிள். வணக்கம் இல்லை, சுகம் விசாரிக்கவில்லை.

"அங்கிள், அடுப்பிலை பால்..."

"அது பொங்கட்டும். நீ பைபிளை எடு."

நாகமான் யாரென்று தெரியாத வாசகர்களுக்காக ஒரு சொல். பெரிய தளபதி. வேற்று நாட்டுக்காரன். குஷ்டரோகம் பிடித்தவன். இஸ்ரவேலில் இருந்த எலிசா என்ற தீர்க்கதரிசி, ஆற்றில் ஏழு முறை முழுகு என்கிறார். முழுகுகிறான், தோல் குழந்தையின் தோல்போல ஆகிவிடுகிறது. ஞாயிறு பள்ளிக்கூடத்துக்குப் போன எங்கள் எல்லாருக்கும் இது மனப்பாடம். ஞானம் அங்கிள் ஊரில் இதை நாடகமாகவே போட்டிருக்கிறார். நீலப் படுக்கை விரிப்பை ஆட்டி ஆறு காட்டுவாராம்.

"எல்லாரும் ஆத்தோடை நிப்பாட்டிப் போடுவம், என்ன?" என்றார் அங்கிள். "நானும் அப்பிடித்தான். குஷ்டம் மாறினதோடை திரை விழுந்திடும். மிச்சத்தை வாசி."

வாசித்தேன். சுகமான நாகமான், இனி உங்கள் கடவுளைத் தவிர வேறு கடவுள் எனக்கு இல்லை என்கிறான். சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி ஒரு விஷயம் கேட்கிறான். என்னுடைய ராசா தன்னுடைய கோயிலுக்குப் போகும்போது என் கையில்தான் சாய்ந்துகொண்டு போவார். அவர் குனிந்தால் நானும் குனிய வேண்டி வரும். அதை மட்டும் உங்கள் கடவுள் மன்னிப்பாரா?

தீர்க்கதரிசி என்ன சொல்லியிருப்பார்? நான் என்றால் ஒரு பத்தியே எழுதியிருப்பேன்.

"கூடாது எண்டு சொல்லேல்லை, பிள்ளை" என்றார் அங்கிள். "செய் எண்டும் சொல்லேல்லை. சமாதானமாப் போயிட்டு வா எண்டு அனுப்பிவிட்டிட்டார். எத்தினை வருஷமா உந்தக் கதையைப் படிப்பிச்சனான்... உந்த இடம் என்ரை கண்ணிலை படேல்லையே." பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. "வெள்ளவத்தையிலை இருந்து ஒரு தாய் அவன்ரை கையிலை சாய்ஞ்சுகொண்டு நிக்கிறா. அவன் கையை இழுத்தால் அவ விழுந்து போவா."

பால் பொங்கி வழிந்து அடுப்பு முழுக்கப் பரவியது.

"டானியலுக்குச் சொல்லிப் போட்டன்" என்றார். "நாளைக்கு நானே காரிலை கூட்டிக்கொண்டு போறன்."

ஸ்னோ காலத்தில் ஞானம் அங்கிள் கார் ஓடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் ஏறுவதற்குத்தான் உண்மையான விசுவாசம் வேண்டும்.

நாங்கள் பைபிளிடம் எப்படிப் போகிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் பதில் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். சில நேரம் அது பதிலைச் சொல்வதில்லை, ஆளைப் பார்த்து, சமாதானமாகப் போ என்று அனுப்பிவிடுகிறது. இதை எங்கள் வகுப்பில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நாகமான் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவன், டானியல் பிறவிக் கிறிஸ்தவன், இரண்டும் ஒன்றா என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவருக்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் பற்றீஸ் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை. ஞானம் அங்கிள் ஆராதனைக்குப் போகாத ஞாயிறு ஒன்றை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

டானியல் என் கணவரின் கலியாண வேட்டியைக் கட்டியிருந்தான். வேட்டி இடுப்பில் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஃபியூனரல் ஹோம் மண்டபத்தில் மேலுடம்பு வெறுமையாக, குளிரில் மயிர் சிலிர்த்து நின்றவனைப் பார்த்து வந்திருந்த சைவ ஆட்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு. அங்கேயும் ஒரு ஞானம் அங்கிள் இருந்தார்!

"வேதக்காரன் கொள்ளி வைக்கிறதோ? உது எந்த ஊர் வழக்கம், ஐயா?"

ஐயர் இளம் வயதுக்காரர். தர்ப்பையை முடிந்தபடி நிமிராமலே சொன்னார். "பெத்த தாய் சொல்லியிருக்கிறா. நீங்கள் வேணுமெண்டால் அவவுக்கு ரெலிபோன் எடுத்துக் கதையுங்கோ."

யாரும் எடுக்கவில்லை.

கிரியை நடந்தது. ஐயர் சொல்லச் சொல்ல டானியல் ஒவ்வொன்றாகச் செய்தான். திருநீற்றுத் தட்டு வந்தபோது ஐயரின் கை ஒரு கணம் நின்றது. இவனுடைய நெற்றியில் பூசுவதா, விடுவதா என்று அவருக்கும் தெரியவில்லை போலும். டானியல் தானே தட்டில் மூன்று விரலை வைத்து எடுத்தான். பெட்டிக்குள் குனிந்தான். நேசனின் நெற்றியில், இந்தக் காதோரத்தில் தொடங்கி அந்தக் காதோரம் வரைக்கும் ஆறுதலாகப் பூசினான்.

"அவனுக்கு மெல்லிசாப் பூசினால் பிடிக்காது, ஐயா" என்றான்.

தினமும் காலையில் கண் விழித்ததும் எதிர்ச் சுவர் ஓரமாகக் கிடந்து அந்த நெற்றியைப் பார்த்தவன் அல்லவா. அவனைத் தவிர வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்? மண்டபத்தில் அதற்குப் பிறகு முணுமுணுப்பு இல்லை, விம்மல்தான் இருந்தது. என்னுடையதும் அதற்குள் இருந்தது.

இங்கே கொள்ளி என்பது சுவரில் உள்ள ஒரு பொத்தான். நெருப்பும் இல்லை, விறகும் இல்லை. அதை அழுத்துவதற்கு முன்னால் டானியல் கைகூப்பித் தலை குனிந்தான். பின்னால் கோட்டும் தொப்பியுமாக நின்ற ஞானம் அங்கிளும் குனிந்தார். முதுகு வலியாகவும் இருக்கலாம்... நான் கேட்கவில்லை.

மாலையில் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்தோம். வெள்ளவத்தையில் விடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து, கோலிங் காட் என்ற ரெலிபோன் அட்டையைச் சுரண்டி, டானியல் தாய்க்கு ரெலிபோன் எடுத்தான். தூரதேசத்தோடு கத்தித்தான் பேச வேண்டும் என்று நினைக்கிற தலைமுறை அல்லவா, தாயின் குரல் முன்னறையில் இருந்த எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"முடிஞ்சுது, அம்மா. எல்லாம் வடிவாச் செய்தனான்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அழுகை. இந்தப் பக்கமும்தான். பிறகு அந்த அம்மா கேட்டார்.

"உங்கடை ஆண்டவர் உன்னிலை கோவிக்க மாட்டாரே, அப்பன்?"

டானியல் எங்களைப் பார்த்தான். நான் ஞானம் அங்கிளைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இல்லை, அம்மா" என்றான் டானியல். "அவரைச் சிலுவையிலை அறைஞ்சிருக்கேக்கை அவரின்ரை அம்மா கீழை நிண்டவ. சாகப்போற நேரத்திலை தன்ரை சிநேகிதனைக் கூப்பிட்டு, இனி இவதான் உன்ரை அம்மா எண்டு குடுத்திட்டுப் போனவர்."

கோலிங் காட்டின் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். அறுந்திருக்கவில்லை.

"அப்ப அவருக்கு விளங்கும்."