கழுத்தை விட்டு இறங்காத மாலை

என் அக்கா ரமணியின் கணவர் சுகுமாறன், கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர். தைப்பூசத்துக்கு மாலை போட்டுவிட்டால் நாற்பத்தெட்டு நாள் ஒரு சொட்டுத் தொடமாட்டார். பத்துமலையில் காவடியை இறக்கி, குருசாமி மாலையைக் கழற்றிய அன்றைக்கே குடித்துவிட்டு விழுந்து கிடப்பார். பதினாறு வருஷமாக இதே கதை. எந்தக் கடை, எத்தனை மணி என்பதுகூட எனக்கு அத்துப்படி. அந்த நேரத்துக்குக் காரோடு போய் நிற்பேன். வேறு எதிலும் மனுஷனுக்கு இந்த ஒழுங்கு கிடையாது.

போன டிசம்பரில் டாக்டர், மாலை இல்லாத மாதமெல்லாம் குடித்ததில் ஈரல் கெட்டுவிட்டது, இனிக் குடித்தால் பிழைக்கமாட்டார் என்று சொல்லிவிட்டார். அக்கா அழுதுகொண்டே கேட்டாள்.

"நாப்பத்தெட்டு நாளு முடியுதுல்ல? அடுத்த நாளு மட்டும் ஏன் முடியல?"

"மாலை இருந்தா கை போகமாட்டேங்குது ரமணி. கழட்டிட்டா என் கைய என்னாலயே நிறுத்த முடியல."

அதனால் இந்த வருஷம் பூசம் முடிந்தும் அவர் மாலையைக் கழற்றவில்லை. குருசாமி திட்டினார். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வெறுங்காலோடு லோரி ஓட்டிக்கொண்டு, தரையில் படுத்துக்கொண்டு ஏழு மாதம் ஓட்டிவிட்டார்.

ஆகஸ்டில், சுங்கை பூலோவில் இருந்த அவருடைய அம்மா நல்லம்மாள் இறந்துபோனார். மச்சான் ஒரே மகன். மாலையோடு சாவு வீட்டுக்குள் போகக் கூடாது. "பெத்தவ போயிட்டா விரதமும் முடிஞ்சுதுப்பா, கழட்டு" என்று குருசாமியே போனில் சொன்னார்.

நான்தான் காரில் கூட்டிப்போனேன். வீட்டுக்கு எதிரே நிறுத்தினேன். பந்தலுக்குப் பின்னால் பீர் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மச்சான் இரண்டு கையாலும் மாலையைப் பிடித்துக்கொண்டார்.

"எறங்குங்க மச்சான். பெத்த தாய் லா."

"கழட்டினா, பொணம் எடுக்கறதுக்குள்ள குடிச்சிருவேன்டா. எனக்குத் தெரியும்."

எனக்கும் தெரியும். அதனால் மறுபடி கூப்பிடவில்லை.

மச்சானுடைய தங்கை மகன் கொள்ளி வைத்தான். சொந்தக்காரர்கள் காரைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இறங்கிப்போய் நாலு கேட்டிருப்பேன், ஆனால் மச்சானைத் தனியாக விடப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து தேற்றினாள்.

"இத்தன மாசம் குடிக்காம இருந்தது மாலையால இல்லீங்க. அது நீங்கதான். உங்க மனசுதான்."

அவர் நிமிர்ந்து அவளையே பார்த்தார்.

"நான்தான்னா, கழட்டிட்டுப் போயி எங்கம்மாவுக்குக் கொள்ளி வச்சிருக்கலாம்ல?"