தள்ளிவிட்டுத் தூக்கினால் ஒரு ஸ்டார்

பஞ்சை வெந்நீரில் நனைத்து, சின்ன முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள் ஆயா. பழைய பொருக்கு பெயராமல் ஓரமாகவே துடைக்க வேண்டும். லேசாக நடுங்குகிற கைதான். ஆனால் பத்தொன்பது வருஷமாக இந்தக் காப்பகத்தில் பிள்ளை தூக்கிய கை.

"இன்னைக்கு யாருடி?"

"பூசணி. அவனே தள்ளினான், அவனே தூக்கி விட்டான். அவனுக்கு ஸ்டார்," என்றாள் குண்டூசி. நாலு வயசு, அங்கே இருக்கிறதிலேயே பொடிசு.

புது டீச்சர் வந்ததும் செய்த முதல் வேலை, "ஆயாவுக்குக் கை நடுங்குது" என்று ஆபீஸில் சொல்லி, அவளைத் தொட்டில் அறையிலிருந்து துணி துவைக்க அனுப்பியது. அடுத்த வேலை, சுவரில் ஒரு அட்டை மாட்டியது. அழுகிற பிள்ளையைத் தேற்றினால் அட்டையில் ஒரு ஸ்டார். தேற்ற வேண்டுமானால் முதலில் யாராவது அழ வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு நாலே நாளில் விளங்கிவிட்டது. குண்டூசி தொட்டாலே அழுவாள், ஊரைக் கூட்டியும் அழுவாள்.

டீச்சர் கண்ணில் தேற்றுவது மட்டும் பட்டது. ஆயாவோ பிள்ளைகள் தள்ளுவதையும் பார்த்தாள். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். எல்லார் முன்னாலும் டீச்சரே மாட்டிக்கொள்ளட்டும் என்று கறுவிக்கொண்டாள். அந்த முழங்காலைத் துடைக்கும்போது மட்டும் மனசு குறுகுறுத்தது. அதையும் சேர்த்துத் துடைத்துப் போட்டாள்.

கூட்டத்தன்று டீச்சர், "எங்க பிள்ளைங்க எவ்வளவு அன்பா இருக்காங்கன்னு நீங்களே பாருங்க," என்றாள்.

பூசணி ஓடி வந்து குண்டூசியை ஒரே தள்ளாகத் தள்ளினான். விழுந்தவளைத் தூக்க நாலு பேர் முண்டியடித்தார்கள். இடம் கிடைக்காத ஒருத்தி, பக்கத்தில் இருந்தவனை நறுக்கென்று கிள்ளிவிட்டு, "அழாதே கண்ணு," என்று தடவிக்கொடுத்தாள். குண்டூசியின் அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

அழுகைக்கு நடுவே குண்டூசி நியாயம் கேட்டாள். "நான்தானே அழறேன்? எனக்கு ஏன் ஒரு ஸ்டார்கூட இல்ல?"

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. ஆயாவுக்கு வயிறு குளிர்ந்தது.

சாயங்காலம் டீச்சர் துணி துவைக்கும் இடத்துக்கே வந்தாள். "ஆயா, உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"முதல் தள்ளுலயே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா எனக்கு ஒரு ஸ்டார் குடுத்திருப்பீங்களோ?"

டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "என் மேல கோபம், சரி. அந்தப் பிள்ளை முட்டி என்ன பண்ணுச்சு?"

ஆயா கையில் இருந்த துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தாள்.

மறுநாள் காலையில் ஆயா அரைமணி முன்னதாக வந்து, அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். பிள்ளைகள் வந்தார்கள். குண்டூசி தோள் பையைக்கூடக் கழற்றாமல் நேராகப் போய்ப் பூசணியை இரண்டு கையாலும் தள்ளினாள். அவன் ஓவென்று அழுதான். அவள் தூக்கவில்லை. இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

ஆயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நிதானமாகப் பத்து வரை எண்ணினாள். அப்புறம் போய்ப் பூசணியைத் தூக்கினாள். நல்ல கனம். கை நடுங்கியது. விடவில்லை.