ஏரி நடுவில் ஒரு ஜோடி குத்தூசி

1994 முதல் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஹில்க்கா முஸ்தயோகி உறைந்த ஏரியின் நடுவுக்கு நடந்து போய், துளை போட்டு, சோதனைக்கு அடியாழத் தண்ணீர் எடுத்து வருகிறார். வடக்கு பின்லாந்தில் அரசு நிதியில் ஓடும் சின்ன ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு வேலை. ஒரு வருஷம்கூட விட்டுப்போகாத கணக்கு என்பதுதான் அதன் ஒரே பெருமை.

இந்த ஏப்ரலில் நிதியைத் தொடரலாமா என்று பார்க்க, தலைநகரிலிருந்து அமைச்சக அதிகாரி மார்கெத்தா வந்தார். தானும் ஏரிக்கு வருவேன் என்றார்.

"அமைச்சகத்து ஆளை முக்கி எடுத்துட்டு வராதே, ஹில்க்கா. அப்புறம் காசு வராது," என்று சிரித்தார் நிலையத் தலைவர் ஆர்னோ.

ஹில்க்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாளாக மழை; ஐஸ் இளகியிருக்கும். மார்கெத்தாவின் கழுத்து வெறுமையாக இருந்தது. தண்ணீரில் விழுந்தால் ஐஸில் குத்தி ஏற உதவும், கழுத்துக் கயிற்றில் தொங்கும் இரட்டைக் குத்தூசி இல்லாமல் இங்கே யாரும் ஏரியில் கால் வைப்பதில்லை. விருந்தாளியாயிற்றே என்று தன்னுடையதைக் கழற்றி மாட்டிவிட்டார். தன் கழுத்து காலி என்பது பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது.

ஐஸ் தாங்குமா என்று கடப்பாரையால் தட்டித் தட்டி முன்னால் நடந்தார். திடீரென்று ஒரே குத்தில் கடப்பாரை உள்ளே இறங்கியது. துளையிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் பொங்கியது. காலடியில் ஐஸ் முனகியது.

"நில்லுங்க. அசையாதீங்க."

"தண்ணி எடுக்கணுமே? எடுக்கற இடத்துல நட்ட கொடி இதோ தெரியுதே!"

ஹில்க்கா கொடியைப் பார்த்தார். திரும்பினால் கணக்கு அறுந்துபோகும். நிலையமும் போய்விடும்.

"எடுக்க முடியாது," என்றார். "படுங்க. வந்த தடத்துலயே ஊர்ந்து போங்க."

மார்கெத்தா படுத்தார். அப்போதுதான் ஹில்க்காவின் கழுத்தைப் பார்த்தார்.

"பைத்தியமா நீ? உன்னோடது எங்கே?"

"உங்க கழுத்துல."

கயிற்றை உருவி ஒரு ஊசியை ஐஸ்மேல் சறுக்கிவிட்டார் மார்கெத்தா. "ஆளுக்கு ஒண்ணு. வா."

கரை சேர்ந்தபோது இருவருக்கும் பற்கள் கிடுகிடுத்தன. சாவ்னா என்னும் நீராவிக் குளியல் அறையில் உட்கார்ந்து சூடேற்றிக்கொண்டார்கள்.

"இந்த வருஷத்துக்குக் கணக்குல என்ன எழுதுவே?" மார்கெத்தா கடைசியில் கேட்டார்.

"ஐஸ் தாங்கலைன்னு."

மார்கெத்தா அடுப்பின் சூடான கல்லின் மேல் இன்னொரு கரண்டி தண்ணீர் ஊற்றினார்.

நிதி முடிவு ஜூனில் வரும்.