வாழ்த்துகளுக்கு நடுவே ஒரு நட்டு

கண்ணாடிக்காரர் உட்கார்ந்தாலும் அவருடைய வலது கால் உட்காராது. லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்கு அடியில் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். கடையின் முன்பக்கம் கல்லாவில் இருக்கும் மனைவி, நடுவிலுள்ள மரத்தடுப்பு அதிர்வதை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவாள். லேசாக அதிர்ந்தால் லென்ஸ் சட்டத்துக்குள் உட்காரவில்லை என்று அர்த்தம். தடுப்பில் மாட்டியிருக்கும் சட்டங்களெல்லாம் கிலுகிலுத்தால் குழுவில் சண்டை.

குழு என்றால் சிறிய விமானப் பிரியர்களின் இணையக் குழு. ஒருவரோ இருவரோ மட்டும் உட்காரக்கூடிய, சிலர் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்கிற விமானங்கள். ஒன்பது பேரோடு அவர் தொடங்கியது. இப்போது இரண்டாயிரத்து முந்நூறு பேர். அவரிடம் விமானம் கிடையாது. இருபத்தாறு வயதில் பதினான்கு மணி நேரம் பறக்கக் கற்றார். பதினைந்தாவது மணியில் உள்காதில் ஏதோ புரண்டு, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் பயிற்சியாளரின் மடியிலேயே வாந்தியெடுத்தார். காது மருத்துவர் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆகாயம் அந்த நான்கு வரியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இருபது வருஷமாக அடுத்தவர்களின் கண்களுக்குத் தூரத்தை அளந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

குழுவை அவள் “உங்க பறக்கும் சம்பந்திங்க” என்றுதான் சொல்வாள். யாருக்கு முதலில் வணக்கம் சொல்லவில்லை, யார் பதிவுக்கு யார் பதில் போடவில்லை என்று கல்யாண வீட்டுச் சம்பந்திகளைப் போல முறுக்கிக்கொள்கிறவர்கள். வால் சக்கரமா மூக்குச் சக்கரமா என்று கேட்டால் போதும், மூன்று நாளைக்கு அடுப்பு அணையாது. “ஆயிரம் மணி” என்று ஒருவர் இருந்தார். எதை எழுதினாலும் “ஆயிரம் மணி நேரம் பறந்தவன் சொல்றேன்” என்றுதான் ஆரம்பிப்பார், மழை வருமா என்பதற்குக்கூட. “தப்பா நினைக்காதீங்க” என்று தொடங்கும் பதிலை எல்லாரும் தப்பாகவே நினைத்தார்கள்.

இதையெல்லாம் அடக்கத்தான் கண்ணாடிக்காரர் விதிகள் எழுதினார். விபத்து நடந்தால் விசாரணை முடியும் வரை யூகம் எழுதக்கூடாது என்பது முதல் விதி. இரண்டாவது, அடுத்தவர் பறந்த மணி நேரத்தைக் கேட்டு மட்டம் தட்டக்கூடாது. மூன்றாவது விதி போன வருஷம் வந்தது: ஒருவர் தன் விமானத்தை முதன்முதலாகக் காட்டும் வாழ்த்துப் பதிவில் யாரும் குறை சொல்லக்கூடாது, குறை இருந்தால் தனிச்செய்தியில் சொல்ல வேண்டும், மீறினால் முப்பது நாள் வெளியே.

அது வந்ததற்குக் காரணம் “ஸ்பானர்”. முப்பது வருஷம் விமானப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு பெண் ஆறு வருஷம் கட்டிய தன் விமானத்தின் படத்தைப் போட்டபோது, கீழே பதினேழு குறைகளை எண் போட்டு எழுதினார். அத்தனையும் சரி. பதினெட்டாவதாக “பெயின்ட் நல்லாருக்கு” என்று வேறு சேர்த்திருந்தார். அந்தப் பெண் அன்றே குழுவை விட்டுப் போனாள். மூன்றாவது விதி எழுதப்பட்டது. அடுத்த மாதமே அதை மீறி, முப்பது நாள் வெளியே போன முதல் ஆளும் ஸ்பானர்தான். திரும்பி வந்த பிறகு அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. பேச்சு நின்ற வீட்டில் கதவோரம் கிடக்கும் செருப்பைப் போல, உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் மட்டும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாத்தியார் படம் போட்டார். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். ஒன்பது வருஷமாக வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஒரு விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர். படத்தில் அவர் வால்பக்கம் நின்று, ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தார். “இன்று நான்கு மணிக்கு முதல் பறப்பு. தனிச்செய்திகளில் வாழ்த்து குவிகிறது, அதை இப்போது பார்க்க முடியாது, மன்னிக்கவும். எல்லாருக்கும் இங்கேயே நன்றி.”

கண்ணாடிக்காரர் சாப்பாட்டு டப்பாவை ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினார். பழக்கம்தான். நாள் முழுக்க மூக்குக்கண்ணாடியின் எள்ளளவு திருகுகளைப் பார்க்கிற கண். வால் பலகை மேலும் கீழும் அசைவதற்கு இரண்டு பக்கமும் கீல் உண்டு. கீலில் ஒரு போல்ட், போல்ட்டில் ஒரு நட்டு. நட்டு அதிர்ந்து அதிர்ந்து கழன்றுவிடாமல் இருக்க, அதற்குக் குறுக்கே ஒரு ஸ்ப்ளிட் பின்னைச் செருகி நுனியை மடக்கிவிடுவார்கள். படத்தில் இடப்பக்க நட்டு தெரிந்தது. பின்னைச் செருகும் பள்ளங்கள் தெரிந்தன. பின் தெரியவில்லை.

லென்ஸ் சரிபார்க்கும் உருப்பெருக்கியைக் கண்ணில் செருகிக்கொண்டு போன் திரையைப் பார்த்தார். திரையின் புள்ளிகள்தான் பெரிதாயின.

தடுப்பு கிலுகிலுத்தது.

“என்னங்க, யாரு யாரை முறைச்சுக்கிட்டாங்க?” என்றாள் மனைவி முன்பக்கத்திலிருந்து.

“யாரும் இல்ல.”

“அப்ப ஏன் சட்டமெல்லாம் ஆடுது? இங்க ஒருத்தர் கண்ணாடிக்கு உக்காந்திருக்காரு.”

உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். “அவசரமில்லம்மா. கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்க வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கிறது மட்டும் நல்லாத் தெரியுது,” என்றார்.

கண்ணாடிக்காரர் முறைப்படி தனிச்செய்தி அனுப்பினார். அது போய்ச் சேர்ந்தது, திறக்கப்படவில்லை. அடுத்தடுத்து மூன்று அனுப்பினார். வாத்தியார் பறக்கப்போகிற திடலின் அலுவலக எண்ணைத் தேடி எடுத்து அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது; எல்லாரும் வேடிக்கை பார்க்க வெளியே போயிருப்பார்கள். வாத்தியாரின் எண் யாரிடமும் இல்லை. பதிவிலோ வாழ்த்துகள் நிமிடத்துக்கு ஐந்தாறு ஏறின. வாத்தியார் அவ்வப்போது வந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு ஹார்ட் போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி. நிழலாக இருக்கலாம். பின்னின் நுனி அந்தப்பக்கம் மடங்கியிருக்கலாம். ஒன்பது வருஷம் கட்டியவருக்குத் தெரியாததா, பதினான்கு மணி நேரத்துக்காரனுக்குத் தெரிந்துவிடப் போகிறது? தப்பாகச் சொல்லிவிட்டால், அந்தப் பெண்ணுக்கு நடந்ததே வாத்தியாருக்கும் நடக்கும். சொல்லாமல் விட்டால்? விட்டால் என்ன ஆகும் என்பதை அவர் மனசு முழுதாகச் சொல்ல மறுத்தது. வால் பலகை பாதி வானத்தில் கழன்று தொங்குகிற இடம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தது, மறுபடி போனது.

எழுந்து இரண்டடி நடந்தார். அந்த அறையில் மூன்றாவது அடிக்கு இடமில்லை. கடைசியில், விதிக்கும் பங்கமில்லாமல் விஷயத்தையும் சொல்லிவிடலாம் என்று நினைத்து, பதிவின் கீழே எழுதினார்: “அருமையான வேலைப்பாடு சார், மனமார்ந்த வாழ்த்துகள். வால் பக்கம் ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. நேரம் கிடைக்கும்போது தனிச்செய்தியைப் பார்த்தால் மகிழ்வேன்.”

ஒரே நிமிடத்தில் வாத்தியார் அதற்கும் ஒரு ஹார்ட் போட்டார். “நன்றி அட்மின் சார்.”

கண்ணாடிக்காரர் போனை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய் நடந்ததை மனைவியிடம் சொன்னார். அவள் அவர் எழுதியதைப் படித்துப் பார்த்தாள்.

“இதைப் படிச்சா எனக்கே ஹார்ட் போடணும்னு தோணுது,” என்றாள். “விழப்போறவனுக்கு இப்படியா சொல்லுவாங்க? பத்திரிகை வைக்கிற மாதிரி இருக்கு.”

“நான் போட்ட விதி. நானே எப்படி?”

“நல்லாப் பாத்தீங்களா, பின்னு இல்லியா?”

“தெரியல. இல்லாத மாதிரி இருக்கு.”

“அப்ப, உங்களை விட நல்லாப் பாக்கிறவங்க அங்க ஒருத்தரும் இல்லியா?”

ஒருவர் இருந்தார். கண்ணாடிக்காரர் ஹார்ட் போட்டவர்களின் பட்டியலைத் திறந்து, பெயர் பெயராகக் கீழே இறங்கினார். நானூற்றுச் சொச்சம் பேர். அதில் ஸ்பானர் இருந்தார். படம் வந்த ஐந்தாவது நிமிடத்திலேயே போட்டிருக்கிறார். பிறந்ததிலிருந்து யாருக்கும் ஒரு ஹார்ட் போட்டறியாத மனுஷன்.

கண்ணாடிக்காரர் அவரிடம் தனிச்செய்தியில் கேட்டார்: “இடது கீல். பார்த்தீர்களா?”

பதில் உடனே வந்தது. காத்துக்கொண்டிருந்த மாதிரி. “பாத்தேன்.”

“பின்?”

“எனக்கும் தெரியல.”

“ஏன் சொல்லவில்லை?”

“தனிச்செய்தி போட்டேன். திறக்கல. வெளிய சொன்னா விதி மூணு. அதான் ஹார்ட் போட்டுட்டு வந்துட்டேன்.”

மூன்று மணி பத்து. கண்ணாடிக்காரர் கல்லாப் பலகையில் முழங்கையை ஊன்றி, எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதினார். முதலில் “தயவுசெய்து” என்று வந்தது, அழித்தார். “சார்” என்று வந்தது, அதையும் அழித்தார். மிஞ்சியது இவ்வளவுதான்: “பறக்காதீர்கள். இடப்பக்கக் கீல் நட்டில் பின் இல்லை. போய்ப் பாருங்கள்.” அட்மின் என்பதால் அதை எல்லா வாழ்த்துக்கும் மேலே தூக்கி நிறுத்த முடிந்தது. நிறுத்தினார்.

பதில்கள் கொட்டின.

“ஆயிரம் மணி நேரம் பறந்தவன் சொல்றேன், அது நிழல்,” என்றார் ஆயிரம் மணி. “அட்மினுக்கு ஒரு நியாயம் எங்களுக்கு ஒரு நியாயமா?” என்றார் இன்னொருவர். “நல்ல நாள் அதுவுமா அபசகுனமாப் பேசணுமா?” “இவர் எத்தனை மணி நேரம் பறந்திருக்காரு, அதைக் கேளுங்க முதல்ல.” இரண்டாவது விதியும் போயிற்று. யாரோ அந்த நட்டை வட்டம் போட்டுப் பெரிதாக்கிப் போட்டார். வேறொருவர் அதே இடத்தில் பின் இருப்பதாக அம்புக்குறி வரைந்தார். ஸ்பானர் ஒன்றும் எழுதவில்லை.

மூன்று முப்பத்தைந்துக்கு வாத்தியாரே வந்தார். “ஒன்பது வருஷம் இந்தக் கையால் கட்டியிருக்கிறேன். ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு என் மனைவி பிள்ளைகள் படிக்கிற இடத்தில் இப்படி எழுதுவீர்களா? உங்களிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை.”

அதோடு போய்விட்டார்.

தபால்காரரின் கண்ணாடி உள்ளே பாதியில் கிடந்தது. கண்ணாடிக்காரர் போய் உட்கார்ந்தார், லென்ஸை எடுத்தார், வைத்தார், மறுபடி வெளியே வந்தார். நான்கு மணி. நான்கு ஐந்து. தெருவில் ஒரு வேன் பின்னால் எடுத்தபடி கீக்கீக் என்று கத்தியது. நான்கு பத்து. மேலே பார்ப்பதில் பிரயோசனமில்லை, அந்தத் திடல் எங்கேயோ இருக்கிறது. ஆனாலும் வாசலுக்குப் போய் மேலே பார்த்தார்.

“உக்காருங்களேன்,” என்றாள் மனைவி. “உங்களைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது.”

“எனக்குக் காதுக்குள்ள சுத்துது.”

நான்கு நாற்பதுக்கு ஒரு படம் வந்தது. கீல், நட்டு, நட்டுக்குக் குறுக்கே பின். நுனி ஒழுங்காக மடங்கியிருந்தது. “பின் இருக்கிறது. பார்த்துக்கொள்ளுங்கள். காற்று சரியில்லாததால் பறப்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.”

கண்ணாடிக்காரர் படத்தைப் பெரிதாக்கினார். நட்டின்மேல் மங்கலான கிரீஸ் படிந்திருந்தது. பின் மட்டும் பளபளத்தது, இப்போதுதான் பொட்டலத்திலிருந்து எடுத்த மாதிரி. படத்தின் ஓரத்தில், ஓடுதளத்துக் கம்பத்தில், காற்றின் திசை காட்டும் துணிப்பை காயப்போட்ட கால்சட்டைபோல நேராகக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் உடம்பு முழுக்க ஒரு மூச்சு இறங்கியது. கால் மட்டும் நிற்கவில்லை.

“மன்னிப்புக் கேளுங்க அட்மின்,” என்று ஆரம்பித்தார்கள். “விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.” நூற்றுப்பதினோரு பேர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “பின்னு இருக்கா?”

“இருக்கு.”

“அப்பவே இருந்துச்சா?”

காற்றே இல்லை என்று எல்லாருக்கும் காட்ட, துணிப்பையைச் சுற்றி ஒரு வட்டம் போட இரண்டு நொடி போதும். அவர் விரல் அங்கே போய் நின்றது, திரும்பியது. “நான் பார்த்தது தவறு. வாத்தியார் சாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். காற்று சரியில்லாதபோது பறக்காதது நல்ல முடிவு. விதி மூன்றின்படி முப்பது நாள் வெளியே இருக்கிறேன்” என்று எழுதினார். பொறுப்பை இரண்டாவது அட்மினிடம் ஒப்படைத்துவிட்டு, தன் பெயரைத் தானே அழுத்தினார். உறுதியா என்று திரை கேட்டது. உறுதி என்றார். குழு மறைந்தது. இத்தனை வருஷத்தில் முதன்முறையாக, அவர் இல்லாமல் அங்கே பேசிக்கொள்கிறார்கள்.

உள்ளே போய் தபால்காரரின் கண்ணாடியை முடித்தார். அவர் போட்டுப் பார்த்துவிட்டு, “இப்பத் தெரியுது. நீங்க ரொம்ப இளைச்சுட்டீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தரைக்குப் போன் அதிர்ந்தது. தனிச்செய்தி. மதியம் அவர் அனுப்பிய நான்கும் ஒரே சமயத்தில் திறக்கப்பட்டிருந்தன. அதற்குக் கீழே வாத்தியாரிடமிருந்து ஒரு படம் வந்தது. வலப்பக்கக் கீல். பின்னாலேயே இன்னொன்று, இறக்கையின் அடிப்பக்கம். மிதிகட்டையின் கம்பி. சக்கரத்து அச்சு. வணக்கம் இல்லை, நன்றி இல்லை, ஒரு சொல்கூட இல்லை. ஒன்பது படங்கள் வந்து நின்ற பிறகு, ஒரே ஒரு வரி:

“நிதானமா பாருங்க.”

கண்ணாடிக்காரர் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் படத்தை விரல்களால் அகலமாக்கி, ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்தார். பாதியில் ஒன்பதையும் ஸ்பானருக்கு அனுப்பினார், “நீங்களும்” என்று மட்டும் போட்டு. ஸ்பானரிடமிருந்து எண் போட்ட பட்டியல் வரத் தொடங்கியது.

மனைவி முன்பக்கக் கதவில் “மூடப்பட்டுள்ளது” பலகையைத் திருப்பிவிட்டு வந்து நின்றாள். “முப்பது நாள் வெளியேன்னு சொன்னீங்க?”

“இது வெளியதான்,” என்றார் தலை நிமிராமல். பிறகு வாத்தியாருக்கு எழுதினார்: “ஆறாவது படம் தெளிவா இல்ல. கையை எடுத்துட்டு மறுபடி எடுங்க.”