எங்கள் பக்கத்துக்கு வெறும் ஃப்ளாஷ்

என் அக்காவின் கணவரைத் தெருவில் எல்லோரும் 'மிச்சம்' என்றுதான் சொல்வார்கள். படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேரின் கல்யாணப் படத்துக்குக் கண்ணாடி வெட்டிக் கொடுத்தவர் அவர்தான். யார் எதைச் சொன்னாலும் "அதுல நமக்கு என்ன மிச்சம்?" என்று கேட்பார், அப்படி வந்த பெயர். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னிடம் வந்து நடுநிலைமை பற்றிப் பேசாதீர்கள்.

கஞ்சத்தனத்துக்காக அல்ல. கஞ்சர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்ப்பார்கள். கட்டுவது தங்கள் வாயும் வயிறும். இவர் அடுத்தவர் வாயைக் கட்டியே சேர்த்தவர். அவர் செருப்பு எப்போதும் புதிது, அக்காவின் செருப்பு எப்போதும் தைத்தது. வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் சட்டங்களைப் பார்த்தாலே ஆளைப் புரிந்துகொள்ளலாம். எல்லாம் கடையில் வெட்டி மீந்த துண்டுகள். மேல் கட்டை கறுப்பு, கீழ்க் கட்டை தங்க நிறம், பக்கக் கட்டை இரண்டும் இரண்டு விதம். வாடிக்கையாளர் வீட்டில் அப்படி மாட்டினால் அடி விழும்.

அக்காவின் கல்யாணம் ஃபிலிம் ரோல் காலத்தில் நடந்தது. அப்பாவும் நானும் மேடையேறி அக்காவின் பக்கத்தில் நின்றோம். அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார், பிறகு இன்னொரு தரம் சரிசெய்துகொண்டார். ஃப்ளாஷ் மின்னியது, இறங்கினோம். படங்கள் வந்தபோது அத்தானின் அண்ணன் இருந்தார், அண்ணனின் முதலாளி இருந்தார், கடைக்குக் கண்ணாடி கொண்டுவருகிறவர் இருந்தார், அவருடைய பெரியம்மாவின் நாய்கூட இருந்தது. எங்கள் வீட்டு ஆள் ஒருவரும் இல்லை. "கடைசில ரோல் கெட்டுப்போச்சு" என்றார் அத்தான். நம்பினோம். அடுத்த வருடமே அப்பா போய்விட்டார்.

உண்மையை அவரே ஒருநாள் சொன்னார், அதுவும் பெருமையாக. வீட்டுக்கு வந்த நண்பர்களுக்கு எப்படிச் சிக்கனமாகக் கல்யாணம் செய்வது என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ரோல்தான் வாங்கினேன். எங்க ஆளுங்களுக்கே அது சரியாயிரும். இவ வீட்டு ஆளுங்க மேடை ஏறினா வெறும் ஃப்ளாஷ் மட்டும் அடிச்சு விடுன்னு ஃபோட்டோகிராஃபர்கிட்ட சொல்லிட்டேன். எங்க மாமனார் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னாரு பாருங்க!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீ கொண்டுவந்த அக்கா தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த டீயை அவர் தலையில் ஊற்ற என் கை அரித்தது. சமையலறையில் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா காலரைச் சரிபண்ணிக்கிட்டு நின்னாருடி" என்றாள். சண்டை போடவில்லை. அன்றைக்கு அக்காமேலும் எனக்குக் கோபம்தான்.

இந்த வருடம் அவர்கள் மகளுக்குக் கல்யாணம். அக்கா தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று. "பொண்ணுகூட நானும் நீயும் நிக்கிற மாதிரி ஒரு படம் வேணும். தெளிவா." கேமராவில் இப்போது ரோல் இல்லையே, இனி எதில் மிச்சம் பிடிப்பார் என்று நினைத்தேன். மனிதரைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன். மொத்தத் தொகை பேச வந்த ஃபோட்டோகிராஃபரை உட்காரவைத்து, தண்ணீர்கூடக் கொடுக்காமல் பேசிப் பேசி, ஒரு படத்துக்கு இவ்வளவு என்ற கணக்குக்கு இறக்கிவிட்டார். எடுத்த படத்துக்குத்தான் காசு.

கல்யாணத்தன்று காலையில் மணப்பெண்ணின் அறைக்கதவைத் தட்டினார் ஃபோட்டோகிராஃபர். தாடி வைத்த, தூக்கம் கெட்ட மனிதர். நானும் அக்காவும் வெளியே வந்தோம்.

"அம்மா, உங்க பக்கத்து ஆளுங்க யார் யாருன்னு கொஞ்சம் காட்டிருங்க. எனக்கு அடையாளம் தெரியல."

"எதுக்கு?"

அவர் தலையைச் சொறிந்தார். "சார் சொன்னாருங்க. உங்க பக்கத்து ஆளுங்க வந்தா கிளிக் பண்ண வேண்டாம், வெறும் ஃப்ளாஷ் போதும்னு."

மண்டபம் என்றும் பாராமல் அத்தானை உண்டு இல்லை என்று பண்ணிவிடக் கிளம்பினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது. வாசலில் விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்த கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விரலை நீட்டினாள்.

"அதோ, கோட்டு போட்டவரு எங்க ஆளு. பக்கத்துல குண்டா நிக்கிறாங்களே, அவங்களும். அந்த நாற்காலி வரிசை பூரா எங்க பக்கம்தான்."

அத்தனை பேரும் அத்தானின் சொந்தம். கோட்டு போட்டவர் அவருடைய அண்ணன்.

"சாரு?" என்று கேட்டார் ஃபோட்டோகிராஃபர்.

"அவரு எங்க வீட்டு மாப்பிள்ளைதானே? அவரும் எங்க பக்கம்தான்."

ஃபோட்டோகிராஃபர் அக்காவை உற்றுப் பார்த்தார். தாடிக்குள் சிரிப்பு வந்தது. "சரிம்மா, சொன்னபடி செஞ்சிடறேன்" என்றார்.

அன்றைக்கு அத்தான் மேடையை விட்டு இறங்கவே இல்லை. மகளின் தோளில் கை வைத்து ஒரு படம், மாப்பிள்ளையோடு ஒரு படம், அண்ணன் குடும்பத்தோடு வளைத்து வளைத்து. ஒவ்வொரு தடவையும் வயிற்றை எக்கி, தாடையைத் தூக்கி நின்றார். ஃப்ளாஷ் மின்னிக்கொண்டே இருந்தது. கீழே நின்று பார்த்த எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெட்கமாக இல்லையா என்றால், இல்லை.

ஆல்பம் வந்தபோது மகளும் மாப்பிள்ளையும் வீட்டில் இருந்தார்கள். அத்தான் முதலில் மெதுவாகப் புரட்டினார், பிறகு வேகமாக. எங்கள் சித்தப்பா, எங்கள் அத்தை, அத்தை பேத்தி ஐஸ்கிரீம் வழிய நிற்பது, எல்லாம் இருந்தன. அவர் இல்லை. உறவுக்காரர்கள் ஃபோனில் எடுத்த படங்களையும் தேடினார்கள். இரண்டில் அவர் தோள் இருந்தது.

உடனே ஃபோட்டோகிராஃபருக்குப் போன் போட்டார். அவருக்கு எப்போதும் ஸ்பீக்கரில் பேசித்தான் பழக்கம்.

"யோவ், நான் எங்கய்யா?"

"நீங்க சொன்னதைத்தான் சார் செஞ்சேன். அம்மா பக்கத்து ஆளுங்களுக்கு வெறும் ஃப்ளாஷ். யார் யாருன்னு அம்மாதான் காட்டினாங்க."

மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கும் சித்திக்கும் ஃபோட்டோ எடுக்காதேன்னு நீங்க சொன்னீங்களாப்பா?"

அத்தான் செலவு என்று ஏதோ ஆரம்பித்தார்.

"நானே உங்களை ஒவ்வொரு பக்கமாத் தேடினேன்" என்றாள் அவள். அந்த ஒரு நிமிடம் மட்டும், அவளுக்காக, எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அக்கா ஆல்பத்தைத் தன் மடிக்கு இழுத்தாள். நடுப்பக்கத்தில் பெரிதாக ஒரு படம்: மகள் நடுவில், அக்கா ஒருபுறம், நான் மறுபுறம். தெளிவாக இருந்தது. அக்காவின் கை தன் கழுத்தோரத் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தது. அந்தப் படத்தை உருவி அத்தானிடம் நீட்டினாள்.

"இதைக் கூடத்துல மாட்டணும். நாளைக்கே சட்டம் போட்டுக் கொண்டு வாங்க."

அவர் வாங்கிக்கொண்டார்.

"நாலு பக்கமும் ஒரே கட்டை" என்றாள் அக்கா. "புதுசு."