ஒன்றாம் நம்பர் காற்று

மூக்கனுடைய தலைவிதிக்கு ஒளிந்துகொள்ள வேறு இடமே கிடைக்கவில்லையாக்கும்! அவருடைய பழைய பிக்கப்பின் டாஷ்போட்டுக்குப் பின்னால், உள்ளங்கைக்குள் அடங்குகிற றெசிஸ்ரர் ஒன்றுக்குள் போய்க் குந்திக்கொண்டது.

ஏசிக் காற்றைக் கூட்டிக் குறைக்கிற சாமான் அது. அது எரிந்தால் ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் நம்பர் காற்றெல்லாம் செத்துப்போகும். நாலாம் நம்பர் மட்டும் பேய்க்காற்றாய் அடிக்கும். மற்றவர்களுக்கு இது ஒரு சின்னத் தொல்லை. ஆனால் மூக்கனின் மனைவி சுப்பம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டிருந்தன. தருமபுரத்திலிருந்து கிழமைக்கு இரண்டு தடவை வவுனியா ஆசுபத்திரிக்குப் போய், மெசினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். திரும்பி வரும்போது அவள் உடம்பு வெயிலையும் தாங்காது, குளிரையும் தாங்காது. காற்றை நிறுத்தினால் வாந்தி எடுப்பாள். நாலில் விட்டால் பல்லுக் கிட்டும்.

மூக்கன் மலையகத் தோட்டமொன்றில் பிறந்தவர். எழுபத்தேழு கலவரத்தில் தகப்பனின் தோளில் இருந்தபடி வன்னிக்கு வந்து சேர்ந்தார். வெளியில் வன்னிப் பேச்சு, வீட்டுக்குள் தோட்டப் பேச்சு என்று வளர்ந்து, லொறி ஓடி, கல்யாணம் கட்டி, சண்டையில் இருந்ததையெல்லாம் தொலைத்து, திரும்பி வந்து இந்தப் பிக்கப்பை வாங்கினார். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஆள். அந்தக் காலம் அவருக்கு ஒரு திமிரைக் கொடுத்திருந்தது. கையில் ஒரு துண்டுக் கம்பி இருந்தால் போதும், எந்தச் சாமானும் சாகாது என்பார்.

அந்தத் திமிர்தான் குடியைக் கெடுத்தது. றெசிஸ்ரர் எரிந்தபோது மனுசன் வேறொன்று தேடிப் போகவில்லை. பழைய மின்சார அடுப்பின் கம்பியை எடுத்துச் சுற்றிக் கட்டினார். கட்டியதோடு விட்டாரா? அடுத்த முறை கைக்கு லேசாக எட்டட்டும் என்று அதைக் காற்றுக் குழாய்க்கு வெளியே தொங்கவிட்டார். அந்தச் சாமானைக் குழாய்க்குள் வைப்பதே, வீசுகிற காற்று அதன் சூட்டை ஆற்றட்டும் என்றுதான். காற்றுப் படாத கம்பி சிவந்தது, பக்கத்து வயர் உருகியது, ஆசுபத்திரியிலிருந்து திரும்பும் வழியில் கனகராயன்குளத்தில் வண்டி முழுக்கப் புகை. இருமி இருமிச் சோர்ந்த சுப்பம்மாவைத் தூக்கி றோட்டோரம் இருத்தினார். அவள் ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வந்து பாயில் சாய்ந்த பிறகு சொன்னாள்.

"இந்த வண்டிக் காத்து எனக்கு ஒத்துக்கல. இனிமே நான் வரலைங்க."

"காத்தைச் சரியாக்கிட்டா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மெசினை விட்டால் ஆள் தங்காது என்று ஆசுபத்திரியில் முன்னமே சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை அடுத்த முறை. மூக்கனுக்கு வேறு யோசனையே ஓடவில்லை. காற்றுச் சரிவந்தால் அவள் வருவாள், வந்தால் இருப்பாள். அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

முல்லைத்தீவில் பழைய வாகனச் சாமான் விற்கிற றிஃபாத்திடம் போனார். அவன் தேடிப் பிடித்து ஒன்றை எடுத்து வைத்தான்.

"மூக்கண்ணை, சாமான் நல்ல சாமான். ஆனா காத்தடிக்கிற மோட்டர் இறுக்கமெண்டா இதையும் எரிச்சுப்போடும். முதல்ல கையால சுத்திப் பாருங்கோ."

"ஓம் தம்பி. இந்த முறை கம்பி வேலை ஒண்டும் பாக்கமாட்டன்," என்றார்.

ஞாயிறு காலை டாஷ்போட் பெட்டியைக் கழற்றினார். பழையதன் கால்களில் மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்கிற மீற்றரை வைத்தார்; முள் அசையவில்லை. செத்தது என்று தெரிந்தும் இன்னொரு தரம் வைத்துப் பார்த்தார். புளோவர் மோட்டரைக் கையால் சுழற்றினால் முக்கி முக்கித்தான் சுற்றியது. உள்ளே எலி கொண்டுவந்து அடைத்த வைக்கோல். பாழாய்ப்போன எலி! எல்லாவற்றையும் வழித்துத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். றிஃபாத் தந்ததைக் குழாய்க்குள், அதற்கென்று இருந்த இடத்திலேயே பூட்டினார். சாவியைத் திருப்பி ஒன்றில் வைத்தார். மெல்லிய காற்று வந்தது. இரண்டு, மூன்று, நாலு எல்லாமே வேலை செய்தன. மூக்கன் சீற்றில் நெற்றியை வைத்து அழுதார்.

பிறகு உள்ளே ஓடிப்போய் அவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்து முன்சீற்றில் இருத்தினார். ஒன்றாம் நம்பரில் விட்டார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க. தூக்கம் வர்ற மாதிரி இருக்கு."

"அப்ப நாளைக்கு வெள்ளனவே கெளம்பிடலாம்."

சுப்பம்மா அவருடைய எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, காத்துன்னு சும்மா சொன்னேன். ஊசி குத்த இனிக் கையில எடமில்ல. என்னால முடியல. அதச் சொன்னா நீங்க ஒடஞ்சு போவீங்கன்னுதான் வண்டி மேல பழியப் போட்டேன்."

"இல்ல புள்ள. அந்தப் புகை... எல்லாம் என் தப்புத்தான்."

"உங்க தப்பா இருந்தா இந்நேரம் திருத்தியிருப்பீங்களே," என்றாள்.

அவர் கெஞ்சியும் பார்த்தார், கோபித்தும் பார்த்தார், அன்று சாப்பிடாமல் கிடந்தும் பார்த்தார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை விடியமுன் வண்டியை வாசலுக்கு எடுத்தார். அவள் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்து, காற்றை ஒன்றில் விட்டு, வெயில் ஏறும்வரை அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுப்பம்மா வெளியே வரவில்லை.